கோக்-தாலா முறையில் சுதந்திரமாக வரைதல்

மனித குலம் குகைச் சுவரில் காட்டெருமை கிறுக்கத் தொடங்கிய நாள்முதல் நுண்கலை தொட்ட சிகரங்களுள் மிக உயரமானது எது என்று கேட்டால், கொஞ்சமும் கூச்சமின்றிச் சொல்லிவிடலாம்: எங்கள் கோக்-தாலா நகரின் "வெள்ளைக் குட்டியாடு" மழலையர் பள்ளி ஆண்டுதோறும் நடத்தும் இலையுதிர்காலக் கண்காட்சி. மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் அங்கே படைத்திருப்பவற்றை வேறு நாடுகளில் நாற்பது வயதுக்காரர்கள்கூடப் படைப்பதில்லை. எங்கள் ஊரில் மட்டும்தான் நாற்பது வயதுக்காரர்கள் படைக்கிறார்கள்.

சென்ற ஆண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். கால்நடை மருத்துவர் எர்கினின் மகன் அமான், அப்போது வயது மூன்று, "எங்கள் ஆடு" என்ற தலைப்பில் தீட்டிய ஓவியத்தில் ஆட்டின் நான்கு இரைப்பைகளும் அதனதன் இடத்தில், அதனதன் நிறத்தில் இருந்தன. நாலாவது இரைப்பையில் லேசான வீக்கம்கூடக் காட்டப்பட்டிருந்தது. ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி எண்ணெய் வண்ணத்தில் "உதிரும் இலைகளின் துயரம்" வரைந்தாள். மூன்று வயதுக் குழந்தை ஒன்று கம்பளியில் செய்த கழுகை லாரியில் கொண்டுவந்து இறக்குவதற்கே ஆள் போதவில்லை. அந்தக் குழந்தை மட்டும் வரவில்லை. தன் படைப்பைப் பார்த்தால் அதற்குப் பயம்.

இதற்கெல்லாம் காரணம் முறை. செவ்வாய்க்கிழமை காலை கலை ஆசிரியை பெர்மெத் பலகையில் ஒரு வீடு வரைவாள். குழந்தைகள் அதே வீட்டை வரைவார்கள். அவர்கள் விட்ட இடத்தைப் பெர்மெத் நிரப்புவாள். மாலையில் ஓவியம் வீட்டுக்குப் போகும். அங்கே பெர்மெத்தின் பிழைகளை அம்மா திருத்துவாள். அம்மாவின் பிழைகளை அப்பா திருத்துவார். மறுநாள் அப்பாவின் பிழைகளைத் தலைமை ஆசிரியை சால்கின் திருத்துவாள். குதிரைப் பால் தோல்பையில் கிடந்து, போகிற வருகிற எல்லாரும் கடைந்து, புளித்துப் பதமாவதுபோல ஓவியமும் கைமாறிக் கைமாறிப் பதமாகும். கடைசியில் ஓரத்தில் குழந்தையின் பெயரை எழுதுவார்கள். அதைக் குழந்தையை எழுத விடமாட்டார்கள். கோணலாக எழுதிக் கெடுத்துவிடும்.

பெர்மெத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். முப்பது வயது. குழந்தைகளுக்கு அவள் எஜே, அதாவது அக்கா. அரசாங்கத்துக்கு அவள் அரை ஆசிரியை. "வெள்ளைக் குட்டியாடு" பள்ளிக்குக் கலைக்கென ஒதுக்கப்பட்டது அரைப் பணியிடம்தான். காலை பதினோரு மணிவரை அவள் கலை ஆசிரியை. பதினோரு மணிக்கு மேல் அவள் யார் என்று அரசாங்கத்துக்குத் தெரியாது. அந்த அரையும் அடுத்த ஆண்டு இருக்குமா என்பது சந்தேகமாயிருந்தது. இல்லையென்றால் தலைநகருக்குப் போய்த் தையல் கூடத்தில் சேரவேண்டியதுதான். அவள் தங்கை அங்கே மூன்று வருடமாகச் சட்டைக் காலர் தைக்கிறாள். முழுச் சட்டையை இன்னும் பார்த்ததில்லை.

இப்படியொரு பொற்காலத்தில்தான் மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது.

"உக்காரு பெர்மெத்," என்றாள் சால்கின். "நம்ம தலையில சுதந்திரம் விழுந்திருக்கு."

"எவ்ளோ எஜே?"

"ரெண்டு பக்கம்."

சால்கின் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, எழுந்து நின்று வாசித்தாள். அரசாங்கக் காகிதத்தை அவள் உட்கார்ந்து வாசிப்பதில்லை. "இனி மழலையர் பள்ளிகளில் குழந்தை தான் கண்டதைத் தானே, தன் மனம்போல் வரைய வேண்டும். மேற்படி சுதந்திரம் செவ்வாய்தோறும் பத்து மணி முதல் பத்தரை வரை கடைப்பிடிக்கப்படும். சுதந்திரத்தின் அடையாளங்களாவன: கோடு கோணுதல்; தலை உடலைவிடப் பெருத்தல்; வண்ணம் எல்லை மீறுதல்; இடது மேல் மூலையில் சூரியன் சிரித்தல். சிரிக்காத சூரியன், சம்பந்தப்பட்ட பள்ளியின் மனநிலை குறித்து ஐயம் எழுப்பும்."

"அவ்ளோதானா?"

"இனிமேதான் இருக்கு. நேர்ல பார்வையிட அலுவலகத்துலேருந்து கமிஷன் வருதாம். தேறினா நமக்கு 'முன்மாதிரிச் சுதந்திரப் பள்ளி'ன்னு பட்டம். உன் அரை வேலை முழு வேலையாயிடும்."

"தேறலைன்னா?"

"கலையையும் உடற்பயிற்சியையும் ஒண்ணாக்கிடுவாங்க."

உடற்பயிற்சி ஆசிரியருக்குச் செய்தி முன்பே எட்டியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே அவர் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். "தூரிகை மேலே. தூரிகை கீழே. மூச்சை விடு."

ஆனாலும் சுற்றறிக்கையில் பெர்மெத்துக்கு ஒரு வெளிச்சம் தெரிந்தது. "அப்ப சுலபந்தானே எஜே. பிள்ளைங்களையே வரைய விட்டுடலாம்."

சால்கின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தாள். "உனக்குப் புத்தி பிசகிடுச்சா? கமிஷன் வர்ற நேரத்துல பிள்ளைங்கள நம்ப முடியுமா? ஒருத்தன் காகிதம் முழுக்கக் கறுப்பு அடிச்சு ராத்திரிங்கிறான். இன்னொருத்தன் ஒண்ணுமே வரையாம, ஆடு போயிடுச்சுங்கிறான். சுதந்திரம்னா பொறுப்பான ஆளுங்க கையில இருக்கணும். பெத்தவங்களக் கூப்பிடு."

பெற்றோர் கூட்டம் மாலை ஐந்து மணிக்குக் கூடியது. குழந்தைகளின் நாற்காலிகளில் அப்பாக்கள் அமர்ந்தார்கள். முழங்கால்கள் காதுகளுக்குப் பக்கத்தில் இருந்தன. விஷயத்தைப் பெர்மெத் விளக்கியதும் கூட்டத்தில் ஒரு துக்கம் பரவியது. பரம்பரையாகத் திறமை சேர்த்து வைத்த ஊர் அது.

"அதாவது, மோசமா வரையணும்ங்கிறீங்க," என்றார் எர்கின்.

"மோசமா இல்ல பைகே, சுதந்திரமா," என்று அண்ணன் முறை வைத்துத் திருத்தினாள் பெர்மெத்.

"சரி, எவ்ளோ மோசமா சுதந்திரமா? ஒரு அளவு சொன்னா நல்லாருக்கும். நாலு வயசு மோசமா, ஆறு வயசு மோசமா?"

"என் பொண்ணுக்கு அஞ்சரை," என்றாள் ஓர் அம்மா. "நான் கொஞ்சம் நல்லா வரையலாமில்ல?"

அன்றே பயிற்சி தொடங்கியது. சுதந்திரத்துக்கு மாதிரி வேண்டுமே என்று பெர்மெத் பலகையில் ஒரு கோணல் வீடு வரைந்தாள். மூலையில் சூரியனைச் சிரிக்க வைத்தாள். பெற்றோர்கள் அந்தக் கோணலை அளவுகோல் வைத்து அளந்து எடுத்துக்கொண்டார்கள். வீட்டு வாசலில் ஓர் ஆட்டையும் நிறுத்தப் பார்த்த எர்கினுக்குத்தான் கோணல் வரவில்லை. இருபது வருடம் மாடுகளுக்கு அறுவை செய்த கை. என்ன முயன்றாலும் ஆடு ஆடாகவே வந்து தொலைந்தது.

"இடது கையால வரைஞ்சு பாருங்க பைகே."

இடது கையால் வரைந்தார். அதுவும் ஆடுதான், கொஞ்சம் நோய்வாய்ப்பட்ட ஆடு. என்ன நோய் என்றுகூடச் சொல்லிவிடலாம்போல் இருந்தது. கதவோரம் அப்பாவுக்காகக் காத்திருந்த அமான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"அப்பா, ஆட்டைப் பாக்காம வரைப்பா."

"பாக்காம எப்படிடா வரையிறது?"

"அப்ப நான் வரையட்டுமா?"

"நீ சும்மா இரு. இது உன் ஓவியம்."

கடமை உணர்ச்சியில் எங்கள் ஊரை மிஞ்ச முடியாது. வீட்டில், கடையில், அலுவலகத்தில், எங்கும் இடது கைப் பயிற்சி. வங்கியில் கையெழுத்துகள் பொருந்தாமல் பணம் நின்றது. மருந்துக்கடைக்காரர் மருத்துவர் சீட்டைப் பார்த்து, "இது சூரியனா, மாத்திரையா?" என்று கேட்கும்படி ஆயிற்று. பாலத்தருகே இரண்டு கார்கள் மோதிக்கொண்டபோது போக்குவரத்துக் காவலர் வரைந்த விபத்து வரைபடத்தில், நசுங்கிய வண்டிகளுக்கு மேலே, இடது மூலையில், சூரியன் சிரித்துக்கொண்டிருந்தது. அவருக்கு இரட்டைப் பிள்ளைகள். இரண்டு ஓவியம் போடவேண்டியிருந்தது, பாவம்.

ஒரே ஒரு குழந்தைக்குத்தான் வரைவதற்கு ஆள் இல்லை. தொல்குன், ஐந்து வயது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் மந்தையை ஓட்டிக்கொண்டு குளிர்கால மேய்ச்சலுக்குப் போய்விட்டார்கள். பள்ளிக்காக அவளைத் தாய்மாமன் வீட்டில் விட்டிருந்தார்கள். மாமன் மினிபஸ் ஓட்டுபவன். கூட்டத்துக்கு வந்தான், சின்ன நாற்காலியில் தூங்கினான், எழுப்பியபோது சொன்னான்:

"எனக்கு ரோட்டுலயே நேரா போகத் தெரியாது எஜே. அவளே எதையாவது கிறுக்கட்டும்."

வேறு வழியில்லாமல் பெர்மெத் அவளிடம் ஒரு காகிதத்தையும் வண்ணப் பெட்டியையும் கொடுத்தாள். பெற்றோர்களின் கோணல்களைத் திருத்துகிற அவசரத்தில் மாதிரி போட்டுக் காட்ட மறந்துபோனாள். பக்கத்தில் உட்கார்ந்து எர்கினின் ஆட்டுக்குத் தலையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். தொல்குன் நாக்கை ஓரமாகத் துருத்திக்கொண்டு வரைந்தாள். முடிந்ததும், "இந்தாங்க," என்று நீட்டிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

மந்தை. பின்னாலிருந்து பார்த்த மந்தை. முகமே இல்லை, முதுகுகளும் கொழுத்த வால்களும் மட்டும், ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு, பழுப்பின்மேல் பழுப்பாய். நடுவில் தூசு எழுந்து பாதிக் காகிதத்தை விழுங்கியிருந்தது. தூசுக்கு அப்பால், கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு மனிதன்.

பெர்மெத் வெகுநேரம் பார்த்தாள். பிறகு இருமினாள். தொண்டையில் தூசு போய்விட்டதுபோல் இருந்தது.

கண்காட்சியில் எல்லாக் குழந்தைகளின் பெயரும் இருந்தாக வேண்டும் என்பது விதி. ஆகவே அதையும் மாட்டினாள், அலமாரிக் கதவுக்குப் பின்னால். கதவைத் திறந்தே வைத்தால் ஓவியம் மறைந்துவிடும்.

வெள்ளிக்கிழமை கமிஷன் வந்தது. மூன்று பேர். தலைவர் கெனேஷ்பெக், குழந்தை உளவியல் கற்ற ஓர் அம்மையார், முத்திரையும் மைப்பெட்டியும் சுமந்த ஓர் இளைஞர். கெனேஷ்பெக் கல்வித் துறைக்கு வருமுன் நீர்ப்பாசனத்தில் இருந்தவர், அதற்குமுன் தீயணைப்பில். கலையைப் பற்றி அவருக்கு எந்த முன்முடிவும் கிடையாது. ஆனால் ஒரு விஷயத்தில் மாவட்டத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. விருந்தில் வெந்த ஆட்டை வைத்தால் எந்த எலும்பு யாருக்கு என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு பங்கிடுவார். வயதில் மூத்தவருக்கு இடுப்பெலும்பு, அடுத்தவருக்குத் தொடை, அதற்கடுத்து முன்னங்கால் என்று, இருநூறு பேர் பந்தியிலும் ஒருவர் முகம் சுளித்ததில்லை.

சுவரில் நாற்பது ஓவியங்கள். நாற்பது கோணல் வீடுகள், ஒரே கோணத்தில் கோணியிருந்தன. எர்கினின் வீட்டு வாசலில் மட்டும் ஓர் ஆடு நின்றது. நாற்பது சூரியன்கள் ஒரே மூலையில் ஒரே மாதிரி சிரித்தன. சுவரோரமாகப் பெற்றோர்கள், அடக்கமாக, இடது கையைப் பையில் விட்டுக்கொண்டு நின்றார்கள். குழந்தைகளை அடுத்த அறையில் வைத்திருந்தார்கள். ஓவியங்களுக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதல்லவா.

"அடடா," என்றார் அம்மையார், எர்கினின் ஆட்டின் முன்னால் நின்று. "இந்தக் கோட்டைப் பாருங்க. எவ்ளோ வெகுளி. இந்த மாதிரி ஒரு மனசு வளர்ந்தப்புறம் நமக்கெல்லாம் வருமா?"

எர்கின் கழுத்துவரை சிவந்தார்.

ஆனால் பரிசு வரிசை போடவேண்டிய நேரம் வந்ததும் கெனேஷ்பெக் திகைத்து நின்றார். நாற்பதும் ஒன்றுபோல் இருந்தால் எது முதல்? நெற்றியைத் துடைத்தார். சமையல்கட்டிலிருந்து ஆட்டுக்கறி வேகும் வாசனை வந்தது. அவர் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு பிறந்தது.

"இது யாரு பிள்ளை வரைஞ்சது?"

"துணை நகரத் தலைவரோட பொண்ணு," என்றாள் சால்கின்.

"இடுப்பெலும்பு," என்றார் கெனேஷ்பெக். இளைஞர், "முதல் பரிசு" என்று எழுதிக்கொண்டார்.

"இது?"

"மின்வாரியப் பொறியாளர் பையன்."

"தொடை. இந்த ஆடு?"

"நம்ம கால்நடை மருத்துவர் பையன் பைகே."

"வயசு?"

"நாலு."

"பையன் வயசு எதுக்கும்மா? அப்பனுக்கு எத்தனை?"

"நாற்பத்தெட்டு."

"முன்னங்கால்."

இப்படி ஒரு கண்காட்சியை இவ்வளவு நியாயமாக மதிப்பிட்டு நான் கண்டதில்லை. யாருக்கும் குறை இல்லை. பொறியாளர் துணைத் தலைவருக்குத் தலை வணங்கினார். விலாவெலும்புக்காரர்கள் தங்களுக்குள் வாழ்த்திக்கொண்டார்கள். பட்டம் கைக்கு எட்டிவிட்டது. பெர்மெத் மூச்சை வெளியே விட்டாள். அப்போது முத்திரை இளைஞர் காகிதத்தை வைத்து எழுதுவதற்கு வசதியாக அலமாரிக் கதவைச் சாத்தினார்.

"இது என்ன?" என்றார் கெனேஷ்பெக்.

அம்மையார் அருகே போய்ப் பார்த்தார். பிறகு ஒரு அடி பின்வாங்கினார்.

"சூரியன் இல்ல. முகம் இல்ல. இது குழந்தை வேலையில்ல. நிச்சயமா பெரியவங்க யாரோ கை வெச்சிருக்காங்க."

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. எர்கினே முகம் சுளித்தார். "கேவலம்," என்றார். "பிள்ளைங்க போட்டியில பெரியவங்க வரையிறதா?"

அடுத்த அறையிலிருந்து தொல்குனை அழைத்து வந்தார்கள். கையில் பாதி தின்ற பூர்சோக், எண்ணெயில் பொரித்த மாவு உருண்டை. கெனேஷ்பெக் குனிந்தார்.

"இத யாரு வரைஞ்சது கண்ணு?"

"நான்தான்."

"ஆட்டுக்கெல்லாம் ஏன் முகம் இல்ல?"

"பின்னாடி போனா முகம் எப்படித் தெரியும்?"

"சூரியன் எங்க?"

"தூசிக்குள்ள."

"தெரியலையே."

"அதான் தூசி மஞ்சளா இருக்கே," என்றாள் தொல்குன், கொஞ்சம் இரக்கத்தோடு.

"இந்தப் புள்ளி யாரு?"

"அப்பா."

"அப்பாவ ஏன் இவ்ளோ சின்னதா வரைஞ்சிருக்கே?" என்று அம்மையார் கேட்டார். "குழந்தைங்க அப்பாவப் பெருசாத்தான் வரையணும். அப்படித்தான் வரைவாங்க."

"அப்பா தூரத்துல இருக்காரு," என்றாள் தொல்குன்.

அம்மையார் மறுபடி குனிந்து அந்தப் புள்ளியைப் பார்த்தார்.

கெனேஷ்பெக் பெர்மெத்தை ஓரமாக அழைத்தார். மென்மையாகத்தான் பேசினார், கெட்ட மனிதர் இல்லை. "தங்கச்சி, இது பெரிய விஷயமே இல்ல. பெரியவங்க வரைஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. இந்த ஒண்ண மட்டும் எடுத்துடுவோம். மிச்ச நாற்பதுக்கும் பட்டம். உனக்கு முழு வேலை. கறி ஆறிடும்."

சால்கினின் கால் பெர்மெத்தின் காலை மிதித்தது. பெர்மெத் வாயைத் திறந்தாள். "ஆமா" என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்து உட்கார்ந்திருந்தது. தையல் கூடம் கண்முன் வந்தது, வரிசையாகக் காலர்கள். தொல்குன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கெஞ்சவில்லை. பச்சை வண்ணம் தீர்ந்துவிட்டதா, இருக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிற மாதிரி, அவ்வளவுதான்.

"அவதான் வரைஞ்சா," என்றாள் பெர்மெத். "நான் பக்கத்துல இருந்தேன். நான் தொடக்கூட இல்ல."

சால்கின் நாற்காலியைத் தேடினாள்.

கெனேஷ்பெக் ஓவியத்தைப் பார்த்தார். பிறகு மற்ற நாற்பதைப் பார்த்தார். இது குழந்தை வரைந்தது என்றால், அவை? பெற்றோர்கள் பக்கம் திரும்பினார். நாற்பது இடது கைகள் பைகளுக்குள் இன்னும் ஆழமாய்ப் போயின. துணை நகரத் தலைவர் கூரையைப் பார்த்தார். இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டால் பிறகு என்னென்ன கேட்கவேண்டி வரும் என்பது கெனேஷ்பெக்குக்குத் தெரிந்திருந்தது. தீயணைப்புத் துறையில் இருந்தவர். புகை எங்கிருந்து வருகிறது என்று அதிகம் தேடக் கூடாது என்பதை அங்கேதான் கற்றார். ஒரு கிண்ணம் தேநீர் வாங்கிக் குடித்தார். இன்னொரு கிண்ணம் குடித்தார்.

"எழுதிக்கோ தம்பி," என்றார் இளைஞரிடம். "ஒண்ணு: இந்த ஓவியத்தப் பெரியவங்கதான் வரைஞ்சிருக்காங்கன்னு நிபுணர் சொல்றாங்க. நிபுணர் சொன்னா அது உண்மை. ரெண்டு: வரைஞ்சது தொல்குன்னு ஆசிரியை சாட்சி சொல்றாங்க. ஆசிரியை சொன்னா அதுவும் உண்மை. ரெண்டையும் சேத்தா என்ன வருது?"

இளைஞர் பேனாவைக் கடித்தார். "தொல்குன்... பெரியவங்களா?"

"அப்படியே எழுது."

அரங்கமே கைதட்டியது. எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உயிர் வந்தது. தீர்மானத்தைச் சால்கின் நின்றுகொண்டு வாசித்தாள்: "பள்ளியின் நாற்பது ஓவியங்களும் குழந்தைகளால் வரையப்பட்டவை என உறுதி செய்யப்படுகிறது. நாற்பத்தொன்றாவது ஓவியம் பெரியவர் ஒருவரால், அதாவது தொல்குனால், வரையப்பட்டதென உறுதி செய்யப்படுகிறது. பெரியவர்கள் மழலையர் பள்ளியில் சேர்க்கப்பட விதியில் இடமில்லை. எனவே மேற்படி தொல்குன் திங்கள் முதல் முழு மரியாதையுடன் விடுவிக்கப்படுகிறார். பள்ளிக்கு 'முன்மாதிரிச் சுதந்திரப் பள்ளி' என்ற பட்டமும், கலைக்கு முழுப் பணியிடமும் வழங்கப்படுகின்றன."

"கையெழுத்துப் போடு தங்கச்சி," என்றார் கெனேஷ்பெக். "நீ உண்மையத்தான் சொன்னே. உண்மையத்தான் எழுதியிருக்கு."

பெர்மெத் தேடிப் பார்த்தாள். ஒரு பொய்கூட அகப்படவில்லை. தொல்குனிடம் குனிந்து, "உனக்குக் கோவமா?" என்று கேட்டாள்.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடம் இல்லையா?"

"இல்ல."

"அப்ப அப்பாகிட்ட போலாமா?"

"போலாம்."

"போடுங்க எஜே," என்றாள் தொல்குன். பெர்மெத் போட்டாள். கையெழுத்து அழகாக, கோட்டைத் தாண்டாமல் வந்தது.

பிறகு பந்தி. பெரியவர் என்பதால் தொல்குனுக்கும் பெரியவர்கள் வரிசையில் இடம் போடவேண்டியதாயிற்று. மூன்று மெத்தையை அடுக்கி உட்கார வைத்தார்கள். ஆட்டுத் தலையைக் கெனேஷ்பெக்கின் முன்னால் வைத்தார்கள். தலை வாங்கியவர் முதலில் ஒரு காதை அறுத்துப் பந்தியில் இருக்கிற குழந்தைக்குக் கொடுக்கவேண்டும். பெரியவர்கள் சொல் கேட்டு வளரட்டும் என்று கொடுப்பது. கெனேஷ்பெக்கின் கத்தி பழக்கத்தில் தானாகவே வேலை செய்தது. காதை எடுத்துத் தொல்குனிடம் நீட்டினார்.

தொல்குன் கையை மடியில் வைத்துக்கொண்டாள். "நான் குழந்தை இல்லையே பைகே. இப்பதானே எழுதுனீங்க."

கெனேஷ்பெக் கையில் காதோடு நின்றார். அறுத்த காதைத் திரும்பத் தட்டில் போட முடியாது. அப்படி ஒரு அவமானம் அந்த மாவட்டத்தில் நடந்ததில்லை.

"அப்ப யாருக்குக் குடுக்கிறது?"

"படம் வரைஞ்ச குழந்தைங்களுக்குக் குடுங்க," என்றாள் தொல்குன். பந்தியைச் சுற்றிப் பார்த்து, எர்கினைக் காட்டினாள். "அந்த ஆடு அவரோடது."

எர்கின் துணைத் தலைவரைப் பார்த்தார். துணைத் தலைவர், அதை வாங்கித் தொலையுமாறு கண்ணால் சொன்னார். நாற்பத்தெட்டு வயதுக் கால்நடை மருத்துவர், ஆயிரம் ஆட்டுக் காதுகளில் முத்திரை குத்தியவர், வாயைத் திறந்தார். கெனேஷ்பெக் காதை உள்ளே வைத்தார்.

"பெரியவங்க சொல் கேட்டு நடப்பா," என்றார், வழக்கமான வாழ்த்தை வேறெப்படிச் சொல்வதென்று தெரியாமல்.

"சரிங்க," என்றார் எர்கின், மென்றுகொண்டே, தொல்குனைப் பார்த்து.

சனிக்கிழமை காலை மாமனின் மினிபஸ், ரோட்டின் இரு ஓரங்களையும் மாறி மாறித் தொட்டபடி, மலைப்பக்கம் போயிற்று. முன் இருக்கையில் கோக்-தாலாவின் ஒரே பெரியவர் உட்கார்ந்து பூர்சோக் தின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பெர்மெத் முழு ஆசிரியையாக வகுப்புக்குள் போனாள். பலகையைப் பார்த்தாள். சுண்ணக்கட்டியை எடுத்தாள். என்ன வரைவதென்று தெரியவில்லை. வீடு வரையக் கை எழவில்லை. சுண்ணக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு, எல்லாருக்கும் வெறும் காகிதத்தைக் கொடுத்தாள்.

நாற்பது குழந்தைகளும் கையைக் கட்டிக்கொண்டு, மாலையில் அப்பா வரட்டும் என்று காத்திருந்தார்கள். அமான் காலியான நாற்காலியைப் பார்த்தான்.

"தொல்குன் எங்க எஜே?"

"அவங்கப்பாகிட்ட போயிட்டா."

"யாரு விட்டது?"

"கமிஷன்."

"எதுக்கு?"

பெர்மெத்துக்குப் பொய் சொல்ல ஆசைதான். முழு ஆசிரியை ஆன முதல் நாள், பழக்கமில்லை. "அவளே படம் வரைஞ்சா. அதனால."

அமான் யோசித்தான். அவன் யோசிப்பது நெற்றியில் தெரிந்தது. "படம் வரைஞ்சா வீட்டுக்கு விட்டுருவாங்களா?"

அவ்வளவுதான். நாற்பது கைகள் வண்ணப் பெட்டிக்குள் விழுந்தன. நாற்காலிகள் கவிழ்ந்தன. ஒருவன் காகிதம் முழுக்கக் கறுப்பு அடித்தான். ஒருத்தி தன் தம்பியை நீலத்தில் வரைந்துவிட்டு அவன்மேல் கோபத்தில் பச்சையை அப்பினாள். அமான் ஆடே இல்லாத ஆட்டுப் பட்டியை வரைந்து, திறந்திருந்த வாசலை மட்டும் நூறு முறை அழுத்தி அழுத்திப் போட்டான். காகிதம் தீர்ந்ததும் மேஜைக்கு மாறினார்கள். மேஜை தீர்ந்ததும் சுவர். பெர்மெத் அலமாரியில் இருந்த எல்லா வண்ணத்தையும் எடுத்துத் தரையில் கொட்டினாள். பிறகு போய்க் கதவை உள்ளே தாழிட்டாள்.

சத்தம் கேட்டுச் சால்கின் ஓடி வந்தாள். கதவின் கண்ணாடி வழியே பார்த்தாள். அதன்மேல் உள்ளேயிருந்து ஒரு சிவப்புக் குதிரையை யாரோ வரைந்துகொண்டிருந்தார்கள். மீதி இருந்த சந்து வழியே நடப்பதைப் பார்த்து அவளுக்கு வியர்த்தது.

"பெர்மெத், கண்ணு, கதவத் திற," என்று தாழ்ந்த குரலில் கெஞ்சினாள். "பட்டம் வந்து மூணு நாள்கூட ஆகல. முன்மாதிரிச் சுதந்திரப் பள்ளியில பிள்ளைங்க படம் வரையிறாங்கன்னு வெளிய தெரிஞ்சா, நம்ம மானம் என்ன ஆகும்?"